பித்தளையும் இரும்பும்

என் கணவர் பெயர் செலுவநாராயணன். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, அதனால் ஒரு தடவை எழுதிவிட்டேன். இனி 'இவர்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இவர் மைசூரில் சமஸ்தானத்துக் கச்சேரி ஒன்றில் குமாஸ்தா. எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டார் என்று சிலரைச் சொல்வார்கள். இவர் ஓட்டுவார். முதலில் கையைக் கழுவி, கழுவின தண்ணீரை வாழைக்கு விட்டு, அதற்குப் பிறகு ஓட்டுவார். கஞ்சத்தனம் என்று நான் சொன்னால் கோபம் வந்துவிடும். "கஞ்சன் காசைக் காப்பாத்தி சாமானைக் கோட்டை விடுவான். நான் ரெண்டையும் காப்பாத்தறேன்" என்பார். எங்கள் வீட்டுக் குடைக்கு மூன்று தடவை துணி மாற்றியாகிவிட்டது, கைப்பிடி ஒரு தடவை. இருந்தாலும் அது கல்யாணத்தில் வந்த அதே குடைதான் என்று எல்லோரிடமும் சொல்லுவார்.

நான் மேல்கோட்டையில் பிறந்தவள், பெயர் யதுகிரி. சின்ன வயதிலிருந்தே எனக்கு மூச்சிழுப்பு. மலைக்காற்றில் அது அடங்கிக் கிடந்தது. கல்யாணமாகி மைசூருக்கு, லக்ஷ்மீபுரத்து வீட்டுக்கு வந்த பிறகு தலை தூக்கியது. அந்த வீட்டுத் தளிகையுள்ளுக்கு, அதாவது சமையலறைக்கு, ஒரே ஜன்னல், அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. விறகுப் புகை வெளியே போக வழி தெரியாமல் என் மூக்குக்குள்தான் வரும். தளிகை முடிந்து வெளியே வரும்போது மார்புக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும். அந்தப் புகையில் ஒரு சௌகரியம் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எதற்காக அழுதாலும் புகை என்று சொல்லிவிடலாம்.

வீட்டில் மூன்றாவது ஆள் என் மாமியார் லக்ஷ்மம்மா. மடி ஆசாரத்தில் நெருப்பு. ஆனால் வாய் கெட்டவர் அல்ல, என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. பெருமாள் உள் என்கிற பூஜையறையில், சுவரில் ஒரு ஆணியில், வெள்ளைத் துணி சுற்றி ஒரு மான் தோல் தொங்கும். மாமனார் மேல்கோட்டையில் பண்டிதராக இருந்தவர், அதன் மேல் உட்கார்ந்துதான் ஸந்தியாவந்தனமும் பாராயணமும் செய்வாராம். அவரும் இழுப்பில் போனவர்தான். வருஷத்துக்கு ஒரு முறை, தை மாத வெயிலில், மாமியார் அதைப் பிரித்து உலர்த்தி, மறுபடி சுருட்டி மாட்டுவார். வேறு யாரும் தொடக் கூடாது. இவர் ஒரு தடவை, பலகை வாங்குகிற செலவு மிச்சமாகட்டும் என்று, "சும்மாத்தானேம்மா தொங்கறது, நான் உக்காந்துக்கறேனே" என்று கேட்டுவிட்டார். "அது சும்மா தொங்கல்லே" என்றார் மாமியார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒரு தை மாதம் இழுப்பு அதிகமாகி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கன்னடத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: மருந்து பாதி வேலை செய்யும், மீதி பாதி புகை இல்லாமல் இருப்பதில் இருக்கிறது, புகையிலேயே இருந்தால் மருந்து தண்டம். திரும்பி வரும்போது டாங்கா வண்டி வைக்காமல் நடத்தியே கூட்டிக்கொண்டு வந்தார் இவர். வழியெல்லாம் யோசனை.

"மருந்து மாசா மாசம் வாங்கணும். ஸ்டவ்வுன்னா ஒரே தடவை" என்றார் கடைசியில்.

என் மேல் உள்ள பிரியத்தை இவர் எப்போதும் இப்படித்தான் சொல்வார். நானும் பழகிவிட்டேன்.

உடனே வாங்கிவிட்டாரா என்றால் அதுதான் இல்லை. பம்ப் அடித்து ஏற்றுகிற பித்தளை ஸ்டவ் புதிதாக என்ன விலை என்று மைசூரில் ஒரு கடை விடாமல் கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு கடையிலும் வாங்கவில்லை. மாசி போய்ப் பங்குனி வந்தது. யாதவகிரிப் பக்கம் ஒரு பங்களாவில் இருந்த வெள்ளைக்கார இஞ்சினீயர் ஊருக்குக் கிளம்புகிறார், சாமான்களை ஏலம் போடுகிறார் என்று கச்சேரியில் பேச்சு வந்ததாம். கூட்டம் எல்லாம் நாற்காலிக்கும் கிராமபோனுக்கும் முட்டிக்கொண்டிருக்க, இவர் மூலையில் அடுப்புச் சாமான்கள் நடுவே ஒரு ஸ்டவ்வைக் கண்டுபிடித்திருக்கிறார். மேலே கரி அப்பி, பார்க்கவே அருவருப்பாக இருந்ததால் ஒருவரும் தொடவில்லை.

"அழுக்கைப் பாத்து ஓடறவன் புதுசு வாங்கத்தான் லாயக்கு" என்று எனக்குப் பாடம் வேறு. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாராம். ஒரு சொட்டுக் கசியவில்லை. பற்றுவைத்த இடங்களை நகத்தால் சுரண்டிப் பார்த்தாராம். கால்கள் ஆடவில்லை. அடைப்பு ஊசியால் போகிற அடைப்புதான் என்று தெரிந்த பிறகு, முகத்தை மட்டும் ரொம்ப வாட்டமாக வைத்துக்கொண்டு, ஓட்டைப் பாத்திரத்துக்குக் கேட்கிற விலைக்குக் கேட்டிருக்கிறார். கொடுத்துவிட்டார்கள்.

வீட்டு வாசலில் மாமியார் வழிமறித்தார்.

"எங்கேருந்துடா இது?"

"யாதவகிரி பங்களாலேருந்தும்மா."

"துரையாத்துதா? இதுல என்னத்தையெல்லாம் வேக வச்சாளோ."

"மேலே பாத்திரத்துலதானேம்மா வேக வச்சிருப்பா. இது பித்தளையும் இரும்பும், வேற ஒண்ணும் கிடையாது. பித்தளைக்குப் புளி, இரும்புக்கு நெருப்பு, நீதானே சொல்லுவே?"

அது மாமியார் சொல்லுகிற வாக்கியம்தான். அவரால் மறுக்க முடியவில்லை. இருந்தும் மறுபடி கேட்டார். "வேற ஒண்ணும் இல்லையே?"

"பித்தளையும் இரும்பும்மா. ஸத்யமா" என்றார் இவர். அந்த ஸத்யத்தை யார் கேட்டது? சில பேருக்கு வாய் சும்மா இருக்காது.

மாமியார் அதைக் கிணற்றடியில் வைத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். வெயிலில் காய வைத்தார். மறுநாள் மறுபடி தேய்த்தார். கும்பாபிஷேகக் கலசம் மாதிரி பளபளத்த பிறகுதான் அது தளிகையுள்ளில் கால் வைத்தது. முதல் முறை ஏற்றியபோது நீலமாக எரிந்தது, ஹோ என்று ஒரே இரைச்சல். "கண்ணம்பாடி அணைக்கட்டுலே தண்ணி திறந்துவிட்டாப்பலன்னா இருக்கு" என்று சொல்லிக் காதைப் பொத்திக்கொண்டார் மாமியார். நான் பக்கத்தில் நின்று ஆழமாக மூச்சு இழுத்துப் பார்த்தேன். உள்ளே போன மூச்சு முழுதாகப் போய், முழுதாக வெளியே வந்தது. அந்த ஸ்டவ்வை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது, சுடாமல் இருந்தால்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நான் ராணி மாதிரி இருந்தேன். ஸ்டவ்வுக்குத்தான் எஜமானர் இவர். மண்ணெண்ணெயைப் பழைய வேஷ்டித் துணியில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், தூசி போனால் துளை அடைக்கும். தொட்டியில் முக்காலுக்கு மேல் ஊற்றக் கூடாது. ஊசியை நேராக மேலிருந்து குத்த வேண்டும், சாய்த்துக் குத்தினால் துளை பெரிதாகி எண்ணெயைக் குடிக்கும். ஒரே ஏற்றலில் பருப்பு, சாதம், சாத்தமது என்கிற ரசம் எல்லாம் வரிசையாக முடிந்துவிட வேண்டும். அணைத்த பிறகு இருக்கிற சூட்டில் கை கழுவ ஒரு செம்பு தண்ணீர் வெதுவெதுப்பாகும், அதையும் விடக் கூடாது. "சாமான் வாங்கற விலை ஒரு நாள் விலை. அது தினம் தின்னறதுதான் நிஜ விலை" என்பார். மாமியாரோ தினமும் அதற்கு ஸ்நானம் செய்வித்தார். தேய்க்கும்போது தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க இவர் துளைக்கெல்லாம் துணி அடைத்துக் கொடுப்பார். ஒரு ஸ்டவ்வுக்கு இரண்டு பேர் ஊழியம்.

ஆனி மாதத்தில் பம்ப் தளர்ந்தது. எவ்வளவு அடித்தாலும் காற்று உள்ளே போகவில்லை, கை வலித்ததுதான் மிச்சம். சந்தேபேட்டையில் பழனிமுத்து என்று ஒருவர் விளக்கு, ஸ்டவ் எல்லாம் பழுது பார்க்கிறார், அங்கே கொடுங்கள் என்றேன்.

"ரெண்டணா கேப்பான்."

"கேக்கட்டுமே."

"அது மட்டுமில்லே. நம்ம கண்ணுக்குப் பின்னாலே பிரிச்சா என்னத்தை எடுத்தான், என்னத்தை வச்சான்னு யாருக்குத் தெரியும்? ஆத்துலேயே பிரிச்சுடறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நடு முற்றத்தில் கோணியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே மாமியார் பெருமாள் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். பம்ப்பின் மூடியைத் திருகி, கம்பியை வெளியே இழுத்தார். கம்பியின் நுனியில், காற்றைத் தள்ளுகிற வாஷர் இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பாக, சுருங்கிய அப்பம் மாதிரி ஏதோ ஒன்று.

"என்னடா அது, கறுப்பா?" என்றார் மாமியார்.

இவர் அதை விரலால் அழுத்திப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். இவர் முகம் போன போக்கே ஏதோ சரியில்லை என்றது. இவருக்குப் பொய் சொல்ல வராது. சிக்கனக்காரர் ஆயிற்றே, பொய்யைக்கூடச் செலவழிக்கமாட்டார்.

"தோல் மாதிரி இருக்கும்மா."

"மாதிரியா, தோலா?"

"தோல்தான்."

"என்ன தோல்?"

இவர் கம்பியைக் கோணிமேல் வைத்துவிட்டார். வேறு என்ன தோலாக இருக்கும். மாமியார் திரித்த திரிகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தார். குரலே உயரவில்லை.

"பித்தளையும் இரும்பும்னியேடா."

"எனக்குத் தெரியாதும்மா."

"ஒரு வருஷமா மாட்டுத் தோல் ஊதின நெருப்புலே தளிகை பண்ணிப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணியிருக்கேன். அவருக்கு நான் என்ன ஜவாப் சொல்வேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போனார். எங்கள் வீட்டில் பெருமாளுக்குக் காட்டாத சோறு ஒருவர் வாயிலும் போகாது. அதனால் அவருக்கு அது ஒரு நாள் தப்பு அல்ல, வருஷம் முழுவதும் செய்த தப்பு. அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் வாத்தியார் வந்து வீட்டைச் சுத்தி செய்யப் புண்யாஹவாசனம் செய்தார். தளிகையுள்ளில் இருந்த பாத்திரம் பண்டமெல்லாம் கிணற்றடிக்கு வந்து திரும்பிப் போயின. ஸ்டவ் கொல்லைப்புறத்து மூலைக்குப் போயிற்று. நான் விறகடுப்புக்குப் போனேன். இரண்டணாவை மிச்சம் பிடிக்கப் போய் என் மூச்சை விற்றுவிட்டார் மனுஷர். பழனிமுத்துவிடம் கொடுத்திருந்தால் அவர் பாட்டுக்குப் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டுக் கொடுத்திருப்பார், வீட்டில் ஒரு குஞ்சுக்குத் தெரிந்திருக்காது. இதை நான் இவரிடம் கேட்காத நாள் இல்லை. இவரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

மாமியாரிடம் வாதாடியும் பார்த்தார்.

"கொல்லன் துருத்தியும் தோல்தானேம்மா? அந்த நெருப்புலே காய்ச்சின கரண்டியும் வாணலியும்தானே நம்மாத்துலே இருக்கு?"

"கொல்லன் அவன் பட்டறையிலே ஊதறான். என் தளிகையுள்ளே வந்து ஊதல்லே."

"மிருதங்கம்?"

"ஸந்நிதியிலே வாசிக்கறா. மடைப்பள்ளியிலே வாசிக்கறாளா?"

இவர் கொல்லைப்புறத்தில் என்னிடம் வந்து, "புதுசா ஒரு தோல் வாங்கிப் போட்டுட்டு, கார்க்குன்னு சொல்லிடட்டுமா?" என்று கிசுகிசுத்தார்.

"சொல்லுங்கோ" என்றேன். எனக்கிருந்த கோபத்தில் எதற்கும் தயாராக இருந்தேன்.

உள்ளே இரண்டடி போய்த் திரும்பி வந்தார். "நேக்கு வராதே. நீ சொல்றயா?"

வாய் வரை வந்தது. ஆனால் பட்டினியோடு பெருமாள் முன்னால் கைகூப்பி நின்ற அந்த அம்மாளிடம் போய் எப்படிச் சொல்வது? பொய் சொல்லத் தெரியாதவருக்கும் துணிவில்லாதவளுக்கும் நடுவில் ஸ்டவ் மூலையிலேயே கிடந்தது.

அப்புறம், அந்தத் தோலுக்குப் பதில் எதைப் போடலாம் என்று இவருடைய ஆராய்ச்சி ஆரம்பித்தது. முதலில் மாமியாரின் கிழிந்த மடிப் பட்டுப்புடவைத் துண்டை நாலாக மடித்து நான் வட்டமாகத் தைத்துக் கொடுத்தேன். பட்டு மடிதானே. சாதம் பாதி வேகும்வரை தாங்கியது, அப்புறம் துவண்டுவிட்டது. அடுத்து சைக்கிள் ட்யூபை வெட்டிப் போட்டார். "ரப்பர் மரத்துப் பால்தானே, பால்லே என்ன தோஷம்?" என்று மாமியாரே சம்மதித்தார். அது மண்ணெண்ணெய் பட்டதும் ஊதிப் பெருத்து, குழாய்க்குள் சிக்கி, இழுக்க இழுக்க வரவில்லை. இவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம், தேர் இழுக்கிற மாதிரி. பிறகு பாக்குமட்டையைத் தண்ணீரில் ஊற வைத்து வெட்டினார். அது இருப்பதிலேயே நன்றாக வேலை செய்தது, உலர்ந்து வெடிக்கிறவரை. அடுத்த வீட்டு நம்பி, பம்ப்பே இல்லாத திரி ஸ்டவ் ஒன்றை இரவல் கொடுத்தார். அதற்கு விறகே தேவலாம், அவ்வளவு புகை. குமுட்டி அடுப்பில் கரி மூட்டினால் புகை குறைவுதான், ஆனால் அந்த ஒற்றை ஜன்னல் உள்ளில் தலை கிறுகிறுத்து நெஞ்சு அடைத்தது.

மாமியாருக்கும் இது சந்தோஷமாக இல்லை. நான் இருமுகிற சத்தம் கேட்டால் வந்து, "நீ போய் முத்தத்துலே உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்பார். அவருக்கோ கண்ணில் புரை. ஒரு நாள் உப்பை இரண்டு தரம் போட்டார், இன்னொரு நாள் வாணலியைப் பிடிக்கப் போய் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டார். அவரை அடுப்படியில் விட்டுவிட்டு வெளியே உட்கார எனக்கு மனம் வருமா? மறுபடி நானே போவேன்.

ஆடி பிறந்தது. மைசூரில் ஆடிச் சாரல் எப்படி என்று இருந்தவர்களுக்குத் தெரியும். பெரிதாகப் பெய்யவும் பெய்யாது, நிற்கவும் நிற்காது. விறகெல்லாம் ஈரம். அந்த மாதத்தில்தான் மாமனார் திதி.

திதியன்று தளிகை என்றால் விளையாட்டல்ல. விடிந்ததும் குளித்து, ஈரப் புடவையோடு அடுப்படிக்குப் போய், சாப்பிட வந்த ஸ்வாமிகள் எழுந்திருக்கிறவரை வெளியே வரக் கூடாது. ஈர விறகு எரியமாட்டேன் என்றது, புகை மட்டும் தாராளமாக விட்டது. ஊதினேன், ஊதினேன், ஊதிக்கொண்டே இருந்தேன். கறமது என்கிற கறி ஆயிற்று, சாத்தமது ஆயிற்று. வடைக்கு எண்ணெய் வைத்தபோது மூச்சு நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால் உண்மையாகவே உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து முன்னால் குனிந்தேன். செத்துப் போகிறேன் என்று நினைத்தேன். பயமாக இருந்தது. திதி கெட்டுவிடுமே என்று வேறு பயம்.

மாமியார் வந்து பார்த்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. பிறகு என்னைத் தாங்கி எழுப்பி, மடியை நினைக்காமல், முற்றத்துக் காற்றில் கொண்டுபோய் உட்கார வைத்து, முதுகைத் தடவிவிட்டார். இவரைக் கூப்பிட்டு என் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, கிணற்றில் இரண்டு குடம் தலையில் ஊற்றிக்கொண்டு, தானே போய் வடையைத் தட்டினார். ஸ்வாமிகள் சாப்பிடத் தாமதமாயிற்று, ஆனால் திதி நடந்தது. எனக்கும் மெள்ள மெள்ள மூச்சு திரும்பியது.

மறுநாள் காலை இவர் கச்சேரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "இருடா" என்றார் மாமியார். குளித்து மடியாக வந்து, பெருமாள் உள்ளுக்குள் போய், ஆணியிலிருந்து அந்தச் சுருளை எடுத்துக்கொண்டு வந்தார். முற்றத்தில் விரித்தார். தை மாதம் அல்லாமல் அதை விரித்துப் பார்த்தது அன்றுதான்.

"ஸ்டவ்வை எடுத்துண்டு வா. கத்தரியும்."

இவருக்குப் புரிந்துவிட்டது. "அம்மா, இது அப்பாவோட..."

"யாரோடதுன்னு நேக்குத் தெரியாதா? மான் தோல் மடி. பூணல் கல்யாணத்துலே குழந்தையோட பூணல்லே இதைத்தானே முடிஞ்சு விடறோம்? மாட்டுத் தோல்தான் ஆகாது. இது ஆகும்."

அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மான் தோல் சுத்தம் என்று எங்களவர் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லும். ஆனால் அந்த ஆணியைப் பார்த்து அப்படி நினைக்க அந்த வீட்டில் யாருக்குத் தைரியம் வரும்?

"வேண்டாம்மா" என்றேன் நான். "எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

"என்ன சமாளிப்பே?" என்று என் பக்கம் திரும்பினார். "அவருக்குக் கடைசியிலே படுக்க முடியல்லே. இது மேலேதான் உக்காந்துண்டு, நேத்திக்கு நீ குனிஞ்சுண்டிருந்தாயே, அதே மாதிரி குனிஞ்சுண்டு, மூச்சுக்குத் தவிச்சார். நான் பக்கத்துலே விசிறிண்டிருந்தேன். விசிறியாலே என்ன ஆகும்? ஒண்ணும் பண்ண முடியாமே பாத்துண்டேதான் இருந்தேன். நேத்திக்கு அவர் திதி, அதே சத்தம் என் தளிகையுள்ளேருந்து வர்றது. இன்னொரு தடவை என்னாலே பாத்துண்டிருக்க முடியாது."

இவர் போய் ஸ்டவ்வையும் கத்தரியையும் எடுத்துவந்தார். பழைய வாஷர் அளவுக்கு ஒரு டப்பா மூடியைத் தேடி எடுத்து, தோலின் ஒரு கால் நுனியில், ஓரத்திலும் ஓரமாக வைத்துக் கோடு போடப் போனார்.

"அங்கே எங்கேடா போறே?"

"ஓரமா வெட்டினா தெரியாதும்மா. தோலும் வீணாகாது."

"ஓரம் மெல்லிசு, நாலு நாள்லே கிழியும். நடுவுலே வெட்டு. அவர் உக்காந்த இடம்தான் கெட்டி."

இவர் கத்தரியை நடுவில் கொண்டுபோனார். வைத்தார், எடுத்தார். ஒரு காசு வீணாகாமல் காப்பாற்றுகிற மனுஷர், அப்பா உட்கார்ந்த இடத்தில் எப்படி வெட்டுவார்? மாமியார் இவர் கையிலிருந்து கத்தரியை வாங்கிக்கொண்டார். புரை விழுந்த கண்ணைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலால் தடவித் தடவி இடம் பார்த்து, தாமே வெட்டினார். வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுந்ததில் அந்த இடத்தில் மயிர் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. சிரைக்கிற வேலைகூட இல்லை.

வட்டமாக வெட்டிய துண்டை இவர் நல்லெண்ணெயில் ஊறப் போட்டார். கச்சேரிக்கு அன்று போகவில்லை, ஒரு நாள் சம்பளம் போனதைப் பற்றி மூச்சுவிடவும் இல்லை. சாயங்காலம் அதைக் கட்டை விரல் மேல் வைத்துக் கிண்ணம் மாதிரி அழுத்தி வளைத்து, கம்பியில் கோத்துத் திருகி, குழாய்க்குள் விட்டார். மாமியார் ஸ்டவ்வுக்குப் புளி போட்டு ஸ்நானம் செய்வித்தார். பிறகு அது தளிகையுள்ளுக்குள் வந்தது. நான் பம்ப்பை அடித்தேன். முதல் அடியிலேயே கையை எதிர்த்துக் கெட்டியாக நின்றது. ஏற்றினதும் பழைய ஹோ சத்தத்தோடு நீலமாக எரிந்தது. பருப்புக்கு உலை வைத்தேன்.

மாமியார் முற்றத்தில் தோலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நடுவில் இருந்த ஓட்டையைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, துணி சுற்றிக் கட்டினார். இவர் தூணருகில் நின்றுகொண்டிருந்தார்.

"தேஞ்சு போனா சொல்லுடா. இன்னும் நெறைய இருக்கு" என்றார் மாமியார். "இவ ஆயுசுக்கு வரும்."

எனக்குக் கண் நிறைந்து வழிந்துவிட்டது. முன்பெல்லாம் அழுதால் புகை என்று சொல்லிவிடுவேன். அன்று அதற்கும் வழியில்லை.